கவுன்சிலர் சரியில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்த பிறகு என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக: கோவையில் வேலை பார்க்கும் ஒரு பெண், முப்பதை நெருங்குகிறார். பதற்றம், தூக்கமின்மை என்று சில மாதங்களாக ஒரு கவுன்சிலரிடம் போகிறார். அவர் பாதி நேரம் தன் சொந்தக் கதையைப் பேசுகிறார். செஷனில் சொன்ன காதல் விஷயம் அம்மா காதுக்குப் போய்விட்டது. இப்போது ராத்திரி பதினொரு மணிக்கு மேல் "தூங்கிட்டியாம்மா? என்னை அண்ணனா நினைச்சுக்கோ" என்று வாட்ஸ்அப் வருகிறது. கேட்டால், "உன் மனசு சிகிச்சையை எதிர்க்குது, அதான் இப்படித் தோணுது" என்கிறார். இருபது செஷனுக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. இதெல்லாம் தெரபியில் சகஜமா, எப்படி விலகுவது, புகார் எங்கே, பணம் திரும்புமா என்று கேட்கிறார்.

சகஜமில்லை. ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் சொன்ன மூன்றும் ஒரே வகை அல்ல. சொந்தக் கதை பேசுவது திறமைக் குறைவு. எடுத்துச் சொன்னால் பலர் திருந்துவார்கள். அம்மாவிடம் சொன்னது நம்பிக்கையை உடைத்தது. அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். ராத்திரிச் செய்தி வேறு ரகம். அதற்குப் பேச்சுவார்த்தை வேண்டாம், விலகிவிட வேண்டியதுதான். இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான், பேசிச் சரிசெய்திருக்கக்கூடிய கவுன்சிலரைக் கோபத்தில் விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், ஓடியிருக்க வேண்டிய இடத்தில் மாதக்கணக்கில் பொறுமை காக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மேலே படிக்குமுன் ஒரு வேலை. அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவமானமாக இருக்கிறது, பார்க்கவே பிடிக்கவில்லை என்று பலர் முதலில் செய்வது அதைத்தான். முழு உரையாடலையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துவிட்டுப் பிறகு கண்ணில் படாமல் ஒதுக்கிவிடுங்கள்.

நல்லது கெட்டதைப் பிரிப்பது இங்கே கஷ்டம். காரணம், தெரபி நன்றாக நடந்தாலும் வலிக்கும். ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, கை கழுவுவது போன்ற ஒரே செயலை ஓயாமல் செய்ய வைக்கும் நோய்) உள்ள ஒருவரைக் கழிப்பறைக் கதவுப் பிடியைத் தொட வைத்து, கை கழுவாமல் உட்கார வைப்பார்கள். பார்ப்பவருக்குக் கொடுமையாகத் தெரியும். ஆனால் அந்த நோய்க்குப் பலன் நிரூபிக்கப்பட்ட முக்கியமான சிகிச்சையே அதுதான். பயத்தை ஏற்படுத்தி, அது தானாக வடியும்வரை கூடவே இருப்பது. இறந்துபோன தகப்பனைப் பற்றிப் பேசிவிட்டு இரண்டு நாள் அழுதுகொண்டே இருப்பதும் இயல்பு. ஆகவே "அங்கே போனால் மனசு கஷ்டமாகிறது" என்பதை மட்டும் வைத்து ஒருவரைக் குறை சொல்ல முடியாது. "அங்கே போனால் இதமாக இருக்கிறது" என்பதும் நற்சான்று ஆகாது. எல்லை மீறுகிறவர்களில் பலர் மிக இதமாகப் பேசத் தெரிந்தவர்கள்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது? "இதை எதற்காகச் செய்கிறோம்? எவ்வளவு நாள் ஆகும்? வேறு வழி உண்டா? எனக்கு இது ஒத்துவரவில்லையே?" இந்த நான்கையும் ஒரு நல்ல தெரபிஸ்ட் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். விளக்குவார், தேவைப்பட்டால் போக்கை மாற்றுவார், "நீங்கள் சொல்வது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன்" என்றும் சொல்வார். கேள்வியையே உங்கள் நோயின் அறிகுறியாக மாற்றுகிறவரிடம் ஜாக்கிரதை. மனம் சிகிச்சையை எதிர்ப்பது என்பது உளவியலில் உண்மையாகவே உள்ள கருத்து. ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டியது, இருவரும் சேர்ந்து "இந்த விஷயம் வரும்போதெல்லாம் பேச்சு ஏன் திசை மாறுகிறது" என்று யோசிக்கத்தான். "ராத்திரி ஏன் மெசேஜ் அனுப்புகிறீர்கள்" என்ற கேள்விக்கு அது பதிலே அல்ல.

இன்னொன்று. தெரபிக்கு வருபவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை, வந்தபோது இருந்ததைவிட மோசமாகிறார்கள் என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அத்தனைக்கும் தெரபிஸ்ட் காரணமல்ல. வேலை போயிருக்கும், வீட்டில் ஏதோ நடந்திருக்கும், நோயே முற்றியிருக்கும். ஆனால் மோசமாகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியது அவர் வேலை. பதற்றத்தை அளக்க ஏழே கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி-7 என்ற தாள் இருக்கிறது. மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ-9 இருக்கிறது. நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. மாதக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஒருமுறைகூட "முன்னைக்கு இப்போது எப்படி இருக்கிறது" என்று கணக்குப் பார்க்காதவர், நாணயமானவராகவே இருந்தாலும், நல்ல கைக்காரர் அல்ல.

திறமைக் குறைவு நம் ஊரில் எடுக்கும் வடிவங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். முதலிடம் அறிவுரைக்காரருக்கு. பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஐம்பது நிமிடம் பேசுவார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போங்க", "குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்" என்பதைக் கேட்கக் கட்டணம் தேவையில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் இலவசமாகக் கிடைக்கும். கணவன் அடிக்கிறான் என்று சொல்கிற பெண்ணிடம் இதைச் சொன்னால் அது திறமைக் குறைவோடு நிற்காது, ஆபத்து. அடுத்தது, எந்த நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருப்பவர். வார இறுதி வகுப்பில் ஹிப்னாசிஸ் கற்றுக்கொண்டவருக்கு எல்லாப் பிரச்சினைக்கும் ஹிப்னாசிஸ்தான். முன்ஜென்மத்துக்கு அழைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாத நினைவுகளை மனதில் ஏற்றிவிடுவது எவ்வளவு எளிது என்பதை 1990களில் அமெரிக்கா பெரும் விலை கொடுத்துக் கற்றது. "மறந்துபோன பாலியல் கொடுமையை மீட்டெடுக்கிறோம்" என்று கிளம்பிய தெரபிஸ்டுகளால் குடும்பங்கள் உடைந்தன, வழக்குகள் நடந்தன. ஜாதகம் பார்த்துச் சிகிச்சை சொல்கிறவரைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

அறிகுறியாகவே தெரியாத குறைகளும் உண்டு. உங்களுக்குப் பதற்றம், தூக்கமின்மை. தைராய்டு பரிசோதனை செய்தீர்களா, காபி எவ்வளவு குடிக்கிறீர்கள், வேறு மாத்திரை எடுக்கிறீர்களா என்று யாராவது கேட்டார்களா? தைராய்டு அதிகம் சுரந்தால் படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். மருத்துவர் அல்லாத கவுன்சிலர் அதைக் கண்டறிய வேண்டியதில்லை. ஆனால் "ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஓரிரு சந்திப்பிலேயே தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டிருக்கவும் வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்படுகிற கவுன்சிலர் பாடத்தையே படிக்கவில்லை. இதற்கெல்லாம் மேலே ஒன்று: மருத்துவர் அல்லாத ஒருவர் "மாத்திரையை நிறுத்திடுங்க, நான் பேசியே சரிபண்றேன்" என்றால், அன்றோடு அவரை நிறுத்திவிடுங்கள், மாத்திரையை அல்ல.

இனி எல்லை மீறல். இது திடீரென்று நடப்பதில்லை. நடந்த கதைகளைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரே ஏணியாகத் தெரியும். உங்கள் சந்திப்பு நேரம் மெல்ல மெல்ல நாளின் கடைசிக்கு நகரும், வரவேற்பறைப் பெண் கிளம்பிய பிறகு. ஒரு மணி நேரம் ஒன்றரை ஆகும். "உன்கிட்ட ஃபீஸ் வாங்க மனசு வரலை" என்பார். தன் மனைவியோடு உள்ள மனஸ்தாபத்தைச் சொல்வார். "மத்தவங்க மாதிரி இல்ல நீ" என்பார். உறவுமுறை வந்து ஒட்டிக்கொள்ளும். கிளினிக்குக்கு வெளியே காபி. "இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம், புரிஞ்சுக்க மாட்டாங்க." தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான், ஏதாவது ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். அடுக்கிப் பார்த்தால்தான் திசை தெரியும். உங்கள் விஷயத்தில் சொந்தக் கதை, உறவுமுறை, ராத்திரிச் செய்தி, கேள்வியை அடக்குவது என்று நான்கு படி ஏற்கெனவே ஆகிவிட்டது. அதனால்தான் பேசிப் பார்க்கச் சொல்லாமல் விலகச் சொல்கிறேன்.

எல்லாம் உடலுறவில்தான் முடியும் என்றில்லை. கடன் கேட்பவர், சங்கிலி வியாபாரத்தில் உறுப்பினராகச் சேர்ப்பவர், தன் மதக் கூட்டத்துக்கு இழுப்பவர், உங்களைக் கொண்டு கிளினிக் வேலையை இலவசமாக வாங்குபவர் என்று எல்லாரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். உங்கள் தேவைக்காக ஒதுக்கிய நேரத்தில் தங்கள் தேவையைத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

பாலியல் உறவு பற்றி உலகெங்கும் தொழில் விதிகள் ஒரே குரலில் பேசுகின்றன: சிகிச்சை நடக்கும்போது கிடையவே கிடையாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் விதி, சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுவரை கூடாது என்கிறது. அதற்குப் பிறகும் மிக அபூர்வமான சூழலில்தான், அதுவும் சுரண்டல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தெரபிஸ்டின் தலையில். "அவளும்தானே விரும்பினாள்" என்பது இங்கே செல்லாது. தன்னைக் கவனமாகக் கேட்கிற ஒருவர்மேல் பிரியம் வருவது சிகிச்சையில் எதிர்பார்க்கப்படுகிற ஒன்று. அதைக் கண்டு பதறாமல், பயன்படுத்திக்கொள்ளாமல் கையாளத்தான் அவருக்குப் பயிற்சி. உங்களுக்கு அவர்மேல் ஏதாவது தோன்றியிருந்தாலும், ராத்திரிச் செய்திகளுக்கு நீங்கள் பதில் அனுப்பியிருந்தாலும், தவறு உங்கள் பக்கம் திரும்பாது. இதை எழுதக் காரணம், புகார் கொடுக்காமல் நிற்பவர்கள் பெரும்பாலும் நிற்பது இந்த இடத்தில்தான்.

அம்மாவிடம் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் ஃபீஸ் கட்டுகிறவர் ரிப்போர்ட் கேட்பார், பள்ளிக்கூடம் மாதிரி. அம்மா கேட்டது இயல்பு. கவுன்சிலர் சொன்னதுதான் பிழை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை தருகிற எல்லா மருத்துவத் துறையினரும் தாங்கள் அறிந்ததை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. விலக்குகள் உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு, நீங்களே எழுதிக்கொடுத்து நியமித்த பிரதிநிதி, உடன் சிகிச்சை தரும் பிற மருத்துவர்கள் போன்றவை. வயது வந்த பெண்ணின் காதல் இவற்றில் எதிலும் அடங்காது. இருபத்தெட்டு வயதுக்காரியின் காதலைத் தாயிடம் சொல்வது அவர் மனதில் நல்லெண்ணமாகவே இருந்திருக்கலாம். நல்லெண்ணம் விலக்குப் பட்டியலில் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காவிட்டால் அவருக்கே தண்டனை. இந்த விலக்குகளை எல்லாம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. "இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், இன்னின்ன விஷயம் தவிர" என்று அவர் ஆரம்பத்தில் சொன்னாரா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் இதைப் படிக்கிற வேறு யாருக்கோ தேவைப்படும் என்பதால் சொல்கிறேன். ஒருபால் ஈர்ப்புள்ளவரை, திருநரை "மாற்றித் தருகிறேன்" என்று பெற்றோரிடம் பணம் வாங்குபவர் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் அது தொழில் ஒழுக்கக் கேடு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய 'மாற்றும் சிகிச்சை' முயற்சிகளைத் தடைசெய்து, ஈடுபடும் தொழில்முறையாளர்கள்மீது உரிமம் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்கச் சொன்னார். தீர்ப்பு எழுதுமுன் தன் புரிதலைச் சரிசெய்துகொள்ள அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பேசினார், அதைத் தன் உத்தரவில் ஒளிக்காமல் எழுதவும் செய்தார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இதை மருத்துவர்களின் தொழில் நடத்தைக் கேடாக அறிவித்தது.

அடுத்து, உங்கள் கவுன்சிலர் யார் என்று பாருங்கள். பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைச் சொல்கிறேன். சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். என்ற மனநல மேற்படிப்பு படித்தவர். மருத்துவ கவுன்சில் பதிவெண் இருக்கும், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மையப் பதிவேட்டில் இருக்க வேண்டும், சி.ஆர்.ஆர். எண் என்பார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அந்தக் கவுன்சில் அங்கீகரித்த எம்.பில். போன்ற படிப்பு முடித்தவருக்கே அந்த எண் கிடைக்கும். கவுன்சிலிங் சைக்காலஜி, சமூகப் பணி படித்த நல்ல கவுன்சிலர்களும் நிறைய இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், வெறும் 'கவுன்சிலர்', 'தெரபிஸ்ட்', 'லைஃப் கோச்' என்று பலகை மாட்ட இங்கே நீண்டகாலமாக எந்தப் பதிவும் தேவைப்படவில்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் கவுன்சிலர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர முனைகிறது.

பட்டம் இருந்தால் யோக்கியர், இல்லாவிட்டால் போலி என்று நான் சொல்லவில்லை. எண்ணும் பட்டமும் உள்ளவர்களும் எல்லை மீறியிருக்கிறார்கள். பதிவெண்ணால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், ஏதாவது நடந்தால் தட்ட ஒரு கதவு இருக்கிறது. பலகை மட்டும் உள்ளவர் விஷயத்தில் போலீஸ், நுகர்வோர் ஆணையம் போன்ற பொதுக் கதவுகள்தான். "உங்கள் பதிவெண் என்ன, யாரிடம் பயிற்சி பெற்றீர்கள், சிக்கலான கேஸ்களை யாரிடம் கலந்து பேசுவீர்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியனை விசாரிக்கிறோம், யாரிடம் மனசைத் திறந்து காட்டுகிறோமோ அவரை விசாரிக்கக் கூச்சப்படுகிறோம்.

இனி என்ன செய்வது. திறமைக் குறைவு மட்டும்தான் பிரச்சினை என்றால் நேரில் சொல்லிப் பார்ப்பது பலன் தரும். "சார், போன ரெண்டு தடவையும் உங்க அனுபவத்தைப் பத்தியே நிறையப் பேசினோம். எனக்குத் தூக்கப் பிரச்சினைக்கு நேரம் வேணும். அடுத்த ஒரு மாசத்துக்கு என்ன திட்டம்னு சொல்றீங்களா?" இவ்வளவு போதும். இப்படிப்பட்ட உரசலைப் பேசித் தீர்த்துக்கொண்ட சிகிச்சைகள் அதன் பிறகு இன்னும் நன்றாகப் போவதை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். இரண்டு மூன்று சந்திப்பில் மாற்றம் இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். காரணம் விளக்கக் கடன்பட்டவர் அல்ல நீங்கள்.

உங்கள் நிலை அதுவல்ல என்று ஏற்கெனவே சொன்னேன். தனியாகப் போய் நேருக்கு நேர் கேட்க வேண்டாம். "கடைசியா ஒரு தடவை வா, பேசி முடிச்சுக்கலாம்" என்பார், போக வேண்டாம். எழுத்தில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்றோடு செஷன்களை நிறுத்திக்கொள்கிறேன். இனி எனக்குச் செய்தி அனுப்பவோ அழைக்கவோ வேண்டாம். மீதிப் பணத்தையும் என் சிகிச்சைப் பதிவுகளின் நகலையும் அனுப்பிவையுங்கள்." கோபம், விளக்கம், வசை எதுவும் வேண்டாம். இந்த ஒரு செய்திக்குச் சட்டத்தில் எடை உண்டு. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் நெருக்கம் வளர்க்க ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 78ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் குற்றம். மறுப்பு எழுத்தில் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பாலியல் தொனியில் பேச்சோ கோரிக்கையோ இருந்தால் 75ஆம் பிரிவு.

சிகிச்சைப் பதிவுகளைக் கேட்பதும் சலுகை அல்ல. மேலே சொன்ன 2017 சட்டத்தின் 25ஆம் பிரிவு அதை உரிமையாகத் தருகிறது. இதோடு, நடந்ததை நீங்களே தேதிவாரியாக எழுதி வையுங்கள், நினைவு கலங்குமுன். நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

எங்கே புகார் என்பது அவர் யார் என்பதைப் பொறுத்தது. மனநல மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் மறுவாழ்வு கவுன்சில். சேவைக் குறைபாட்டுக்கு அந்த நிலையத்தின் பொறுப்பாளரிடமும், அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதற்கு மேல் மாநில மனநல ஆணையத்திடமும் போகலாம். அதே 2017 சட்டத்தின் 28ஆம் பிரிவு அந்த வழியைத் தருகிறது. "நான் வெறும் கவுன்சிலர், அந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது" என்று இவர் வாதாடக்கூடும். அதற்காக மனம் தளர வேண்டாம், வேறு வழிகள் இருக்கின்றன. கவுன்சிலர்களின் தொழில் சங்கங்களுக்கும் எழுதலாம், ஆனால் அவற்றால் உறுப்பினரை நீக்க முடியுமே தவிர கிளினிக்கை மூட முடியாது.

பலருக்குத் தெரியாத ஒரு வழி, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம். அது அலுவலகத்துப் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். புகார் தரும் பெண் அங்கே ஊழியராக இருக்க வேண்டியதில்லை. மருத்துவமனையும் நர்சிங் ஹோமும் பணியிடம் என்ற விளக்கத்துக்குள் வருகின்றன. ஆகவே மருத்துவமனையில் உட்காரும் கவுன்சிலர் என்றால் இத்தகைய புகார்களை விசாரிக்கும் அந்த மருத்துவமனையின் உள்ளகக் குழுவிடம் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றாலோ, முதலாளியே அவர்தான் என்றாலோ, மாவட்டத்தில் இயங்கும் உள்ளூர் குழுவிடம் முறையிட வழி உண்டு. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். அதனால் இதை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்று குழப்பமாக இருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணில் வழிகாட்டுவார்கள். உடனடி ஆபத்து என்றால் 112.

ஒன்றையும் மிகைப்படுத்த விரும்பவில்லை. இந்த அமைப்புகள் மெதுவாகத்தான் நகரும். சில நேரம் உங்களிடமே குறுக்குக் கேள்வி வரும். புகார் கொடுக்காமல் விலகி, உங்கள் உடம்பையும் மனதையும் முதலில் பார்த்துக்கொள்வதும் ஒரு நியாயமான முடிவுதான். ஆதாரங்களை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். சமூக ஊடகத்தில் பெயர் போட்டு எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு தரும் புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு. முகநூல் பதிவுக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

இடையில் உங்கள் பதற்றமும் தூக்கமின்மையும் அப்படியேதான் இருக்கின்றன. ஏற்கெனவே ஏதாவது மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில், இலவசமாகப் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் பதிவெண் உள்ள மருத்துவர் இருப்பார், தைராய்டு பரிசோதனையும் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த தெரபிஸ்டிடம் போகும்போது பழையவரின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. "முன்னாடி ஒரு இடத்தில் எல்லை மீறல் நடந்தது, நம்ப எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர் முகம் எப்படி மாறுகிறது, உங்களை அவசரப்படுத்துகிறாரா, சக தொழிலரைக் காப்பாற்றப் பேசுகிறாரா என்று பாருங்கள். முதல் நாளிலேயே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

கடைசியாகப் பணம். தொகுப்பாக வாங்கிக்கொண்டு "திருப்பித் தர மாட்டோம்" என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் முடிந்தது என்று அவர்கள் நினைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள சேவையை நிறுத்திக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது, சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுவரை அவகாசம் இருக்கிறது. கையில் ரசீது தராமல் ஜிபே மூலம் வாங்கியிருந்தால் அந்தப் பதிவும் வங்கிக் கணக்கு அறிக்கையும் சான்றாகப் போதும்.